முப்பது ஆண்டு நிற்கும் டேப். அதைப் படிக்கும் டிரைவ் எத்தனை ஆண்டு நிற்கும்?

கணினித் தரவைக் காந்த நாடாவில் பதிந்து வைக்கும் எல்டிஓ டேப்பின் பத்தாம் தலைமுறை 2025-இல் சந்தைக்கு வந்தது. ஒரு கார்ட்ரிட்ஜில் 30 டெராபைட் என்பது நல்ல செய்திதான். ஆனால் அதோடு இன்னொரு செய்தியும் வந்தது: பத்தாம் தலைமுறை டிரைவ், தனக்கு முந்தைய எந்தத் தலைமுறை டேப்பையும் படிக்காது. மும்பையில் அந்தேரி பக்கம் படத்தொகுப்பு நிலையம் நடத்தும் நம்மவர்களுக்கும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் எழும் குழப்பம் நியாயமானது. முப்பது ஆண்டு கெடாது என்று சொல்லித்தானே டேப்பை விற்றார்கள்? இப்போது படிக்கவே முடியாது என்றால் என்ன பொருள்?

அந்த முப்பது ஆண்டு என்பது டேப்புக்குத் தரப்பட்ட வாக்கு. டிரைவுக்கு அப்படி ஒரு வாக்கை எந்தத் தயாரிப்பாளரும் தந்ததில்லை. டேப்பை வாங்கி அலமாரியில் அடுக்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் தரவை இழக்கும் வழி. டிரைவை ஓட்டும் முறை, பராமரிக்கும் முறை, காலத்தே மாற்றும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த முப்பது ஆண்டுக்கு மதிப்பு.

டேப் இன்னும் ஏன் தேவைப்படுகிறது

2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து அது மீட்கப்பட்டதாகவும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தாக்குபவன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான் என்பதால், அது தப்பியது பெரிய பேறு.

2011 பிப்ரவரியில் கூகுளின் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் கோளாறு சிலரின் அஞ்சல்களை அழித்தது. பல தரவு மையங்களில் வைத்திருந்த நகல்களும் அதில் போயின. அஞ்சல்கள் திரும்பியது டேப்பிலிருந்துதான். அலமாரியில் கிடக்கும் டேப்பை எந்தக் கோளாறாலும் எந்தத் திருடனாலும் நெட்வொர்க் வழியாகத் தொட முடியாது. மின்சாரமும் வேண்டாம். கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. ஒரு படத்தின் மூலக் காட்சிப் பதிவுகளை அதைவிட நெடுங்காலம் காக்க வேண்டியிருக்கும். இத்தகைய வேலைக்கு டேப்புக்கு ஈடாக மலிவான இன்னொன்று இன்றைக்கு இல்லை.

கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது

எல்டிஓ கார்ட்ரிட்ஜ் சுமார் பத்து சென்டிமீட்டர் சதுரமும் இரண்டு சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரே ஒரு சுருள்தான் இருக்கும். டேப்பைச் சுற்றி வாங்கும் மற்றச் சுருள் டிரைவுக்குள் இருக்கிறது. பெட்டியின் ஒரு மூலையில் சிறு கதவு உண்டு. அதை மெல்ல விலக்கிப் பார்த்தால், டேப்பின் நுனியில் பொருத்திய மெல்லிய உலோக ஊசி இரண்டு கவ்விகளுக்கு இடையில் நேராக நிற்பது தெரியும். டிரைவ் இந்த ஊசியைப் பிடித்துத்தான் டேப்பை உள்ளே இழுக்கிறது. கார்ட்ரிட்ஜ் கீழே விழுந்தால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் ஊசி மட்டும் நழுவிச் சாய்ந்திருக்கக் கூடும். அதைக் கவனிக்காமல் உள்ளே தள்ளினால் டேப் டிரைவுக்குள் சிக்கிக்கொள்ளும். விழுந்த கார்ட்ரிட்ஜைக் காதருகே வைத்து மெல்ல அசைத்து உள்ளே ஏதும் ஆடுகிறதா என்று கேட்பதும், கதவை விலக்கி ஊசியைப் பார்ப்பதும் அரை நிமிட வேலை. ஒரு டிரைவின் விலையை நினைத்தால் அந்த அரை நிமிடம் பெரிதில்லை.

ஒன்பதாம் தலைமுறைக் கார்ட்ரிட்ஜில் 1,035 மீட்டர் நீள டேப் இருக்கிறது. அகலம் 12.65 மில்லிமீட்டர், தடிமன் 5.2 மைக்ரோமீட்டர். அந்த அகலத்துக்குள் 8,960 தடங்கள். டிரைவில் எழுதவும் படிக்கவும் செய்யும் பகுதியான ஹெட், ஒரே நேரத்தில் 32 தடங்களை எழுதும். டேப் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். ஹெட் சற்றே நகர, டேப் திரும்பி ஓடும். இப்படி 280 முறை முனைக்கு முனை ஓடினால்தான் கார்ட்ரிட்ஜ் நிரம்பும். ஹெட் தன் இடத்தை அறிந்துகொள்வது சர்வோ பட்டைகளை வைத்து. இவை தொழிற்சாலையிலேயே டேப்பில் எழுதப்பட்ட வழிகாட்டிக் கோடுகள்.

இந்த அமைப்பிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. பழைய தரவை அழிக்கிறேன் என்று எல்டிஓ டேப்பைக் காந்த அழிப்பானில் வைத்தால் சர்வோ கோடுகளும் அழிந்துபோகும். எந்த டிரைவாலும் அவற்றைத் திரும்ப எழுத முடியாது. டேப் குப்பைக்குத்தான் போகும்.

2. உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 45 டெராபைட் என்பது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மைக் கொள்ளளவு 18 டெராபைட். கேமராவிலிருந்து வரும் வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அது மேலும் சுருங்காது. டேப் வாங்கும்போது சிறிய எண்ணை வைத்தே கணக்கிட வேண்டும்.

3. எட்டாம், ஒன்பதாம் தலைமுறை டேப்புகள் ஏறத்தாழ 20,000 முறை முனைக்கு முனை ஓடத் தாங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. பெரிய எண்ணாகத் தோன்றும். 280-ஆல் வகுத்தால், முழுக் கார்ட்ரிட்ஜை சுமார் 70 முறை நிரப்பலாம் என்று வருகிறது. எழுதி எடுத்து வைக்கும் காப்பகத்துக்கு இது தாராளம். அதே ஐந்து டேப்புகளை வாரந்தோறும் சுழற்றும் அலுவலகம் ஒவ்வொரு டேப்பின் பயன்பாட்டையும் பதிவேட்டில் குறித்து வர வேண்டும்.

டிரைவைக் காத்திருக்க வைக்கக் கூடாது

டிரைவ் பழுதுகளில் கணிசமானவை, அதற்குத் தரவு போய்ச் சேரும் வேகத்தில் தொடங்குகின்றன. ஆனால் பலர் இந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

ஒன்பதாம் தலைமுறை டிரைவ் நொடிக்கு 400 மெகாபைட் வரை எழுதும். அந்த வேகத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ் நிரம்பப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். கணினியிலிருந்து தரவு மெதுவாக வந்தால் டிரைவும் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் கீழ் எல்லை உண்டு. மாடலைப் பொறுத்து நொடிக்கு 100 முதல் 180 மெகாபைட் வரை எங்கேனும் அது இருக்கும். தரவு அதற்கும் கீழே போனால் டிரைவின் இடைநினைவகம் காலியாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டேப்பை நின்ற இடத்தில் நிறுத்த முடியாது. டிரைவ் சற்றுத் தள்ளிப் போய் நின்று, பின்னோக்கி ஓடி, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, மறுபடி முன்னோக்கி வேகம் பிடித்து எழுத வேண்டும். சில நொடிகளில் நினைவகம் மீண்டும் காலி. மீண்டும் அதே ஆட்டம். சர்ச்கேட் ரயில் நிலையத்தில் ஷூ பாலிஷ் போடுபவரின் துணி போலவே டேப் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஹெட்டில் தேய்கிறது. தொழிலில் இதை ஷூ ஷைனிங் என்றே சொல்கிறார்கள்.

காது கொடுத்தாலே இதை அறியலாம். நன்றாக எழுதும் டிரைவிலிருந்து ஒரே சீரான ரீங்காரம் வரும்; இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, திசை மாறும்போது மட்டும் சிறு இடைவெளி. தவிக்கும் டிரைவ் சில நொடிகளுக்கு ஒரு முறை நின்று, உறுமி, மறுபடி கிளம்பும். அந்த ஒலியைக் கேட்டால் வேலையை நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். தொடர விட்டால் பேக்கப் நேரம் பல மடங்காகும், டேப் தேயும், ஹெட் தேயும்.

செய்ய வேண்டியவை:

1. எழுத வேண்டிய தரவை முதலில் வேகமான எஸ்எஸ்டியில் சேர்த்து, அங்கிருந்து டேப்புக்கு அனுப்புங்கள். ஆறு பேர் ஒரே நேரத்தில் எடிட் செய்துகொண்டிருக்கும் நெட்வொர்க் சேமிப்பகத்திலிருந்து நேராக டேப்புக்கு எழுதக் கூடாது.

2. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒரே பெரிய தொகுப்புக் கோப்பாக்கி எழுதுங்கள். ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் நேரம்தான் டிரைவைப் பட்டினி போடுகிறது.

3. பேக்கப் மென்பொருளில் பிளாக் அளவை, அதாவது ஒரே தடவையில் எழுதும் தரவுத் துண்டின் அளவை, பெரிதாக, 256 கிலோபைட்டோ அதற்கு மேலோ வைத்து, அந்த எண்ணைக் கார்ட்ரிட்ஜின் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள். பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்கு அது தேவைப்படும்.

4. லினக்ஸில் டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. எஸ்டி (st) என்று தொடங்கும் பெயரைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். முன்னால் n எழுத்துச் சேர்ந்த பெயரில் (nst) நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் பெயரில் இரண்டு பேக்கப்புகளை அடுத்தடுத்து எழுதினால் இரண்டாவது முதலாவதன் மேல் ஏறி உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

திரைத்துறை நிலையங்களில் பெரும்பாலும் எல்டிஎஃப்எஸ் முறைதான் புழங்குகிறது. ஐந்தாம் தலைமுறையோடு 2010-இல் வந்த இது, டேப்பை ஒரு பென் டிரைவ் போலத் திறந்து கோப்புகளைக் காட்டும். வசதிதான், ஆனால் டேப் டேப்தான். அழித்த கோப்பின் இடம் திரும்பக் கிடைக்காது. டேப்பிலிருந்தே வீடியோவை ஓட்டிப் பார்ப்பதும், அங்குமிங்கும் தாவிக் கோப்புகளை எடுப்பதும் டிரைவுக்குக் கொடுமை. எல்லாவற்றையும்விட முக்கியம், கோப்புகளின் அட்டவணை, டேப்பை முறையாக அன்மவுண்ட் செய்யும்போதுதான், அதாவது கணினியிலிருந்து விடுவிக்கும்போதுதான், முழுமையாகப் பதிவாகும். இடையில் மின்சாரம் போனால் தரவு டேப்பில் இருந்தும் அட்டவணையில் இருக்காது. பழுதுநீக்கும் கருவியை ஓட்டி மணிக்கணக்கில் மீட்க வேண்டியிருக்கும். மும்பையில் மின்சாரம் போகாது என்ற நம்பிக்கை 2020 அக்டோபர் 12 அன்று பொய்த்தது. டிரைவுக்கும் கணினிக்கும் யுபிஎஸ் கட்டாயம்.

சுத்தம் செய்தல்: கேட்கும்போது மட்டும்

டிரைவ் தன் பிழை எண்ணிக்கையைத் தானே கணக்கு வைத்துக்கொள்கிறது. ஹெட்டில் அழுக்குப் படிந்ததாகக் கருதினால் சொல்லும். சில டிரைவுகளில் ஒற்றை எழுத்துத் திரையில் சி என்று தோன்றும்; சிலவற்றில் கிளீன் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அப்போது கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போட்டால் ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்து அதுவே வெளியே வரும்.

வெள்ளிக்கிழமைதோறும் சுத்தம் செய்வோம் என்று வழக்கம் வைத்துக்கொள்வது தவறு. கிளீனிங் டேப் உரசி எடுக்கும் தன்மை கொண்டது. தேவையின்றி ஓட்டினால் அழுக்கோடு ஹெட்டும் தேயும். பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது பழைய ஆடியோ கருவிகளுக்குச் சரி. எல்டிஓ டிரைவைத் திறந்து அப்படிச் செய்தால் ஹெட் பாழாகிவிடும்.

கிளீனிங் கார்ட்ரிட்ஜுக்கும் ஆயுள் உண்டு. தயாரிப்பாளரைப் பொறுத்து அதிகபட்சம் சுமார் 50 முறை. எத்தனை முறை பயன்பட்டது என்பது கார்ட்ரிட்ஜின் சில்லில் பதிவாகும்; முடிந்துபோனதைப் போட்டால் டிரைவ் வெளியே தள்ளிவிடும். சுத்தம் செய்த சில நாட்களிலேயே மறுபடி கிளீன் விளக்கு எரிந்தால் ஏதோ ஒரு டேப் துகள் உதிர்க்கிறது, அல்லது அறைக் காற்று சரியில்லை என்று கொள்ள வேண்டும்.

மும்பைக் காற்று

டேப்பின் அடித்தளம் ஒரு பாலிமர் படலம். ஈரம் ஏறினால் அது மிக நுண்ணிய அளவில் அகலத்தில் விரியும். ஒவ்வொரு தடமும் ஒன்றரை மைக்ரோமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது அந்த நுண்ணிய விரிவே பிழையாகிறது. ஜூலையில் இங்கே வெளிக்காற்றின் ஈரப்பதம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெடுங்காலம் வைப்பதற்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் பொதுவான பரிந்துரை. ஏசி ஓடும் அறையில் இது எளிது. சனிக்கிழமை மாலை ஏசியை அணைத்துத் திங்கள் காலை போடும் அலுவலகத்தில் ஏறி இறங்கும் ஈரம்தான் கேடு. ஏசியை எப்போதும் ஓட்ட முடியாதென்றால், டேப் அலமாரி உள்ள சிறு அறைக்கு மட்டும் ஓர் ஈரம் உறிஞ்சும் கருவி போதும்.

ஒன்பதாம் தலைமுறை டேப்பைப் புதிதாக முதன்முறை போட்டால் டிரைவ் அதை அளந்து தனக்கேற்ப அமைத்துக்கொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் இரண்டு மணி நேரம் ஆகும். டிரைவ் உறைந்துவிட்டது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. அந்த அளவீடு, டேப் புழங்கப்போகும் அதே சூழலில் நடக்க வேண்டும். மழைநாளில் கூரியரில் வந்த டேப்பை உடனே பிரித்துப் போடாமல் ஒரு நாள் அறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஏழாம் தலைமுறை முதல் டேப்பில் பூசப்படுவது பேரியம் ஃபெரைட். அது ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் கடற்காற்று அதைத் துருப்பிடிக்க வைக்காது. முந்தைய உலோகத் துகள் டேப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பழைய டேப்புகளை முதலில் கவனியுங்கள்.

தூசி இன்னொரு பகை. டிரைவின் விசிறி அறைக் காற்றை உள்ளே இழுக்கிறது. தெருவில் மெட்ரோ வேலையும் பக்கத்தில் மறுகட்டுமானமும் நடக்கும்போது சிமென்ட் தூசியும் அதோடு வரும். டிரைவைத் தரையில் வைக்க வேண்டாம். பிரிண்டருக்கு அருகிலும் வேண்டாம்.

இரண்டாம் நகலை எங்கே வைப்பது என்பதற்கு இந்த ஊரின் வரைபடமே பதில் சொல்லும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதை விட்டாலும், கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கிறது. கீழ்த்தளமும் நிலவறையும் டேப்புக்கு உகந்த இடங்கள் அல்ல. ஒரு நகல் அந்தேரியில் என்றால் இன்னொன்று நவி மும்பையிலோ புனேயிலோ, மேல்தளத்தில், கார்ட்ரிட்ஜ்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி இருக்கட்டும்.

பிழை வந்தால் யார் மேல் சந்தேகப்படுவது

எழுத முடியவில்லை என்று டிரைவ் சொன்னால் குற்றவாளி டேப்பா டிரைவா என்று பிரித்தறிய வேண்டும். ஐபிஎம் டிரைவுகளின் திரையில் 6 வந்தால் இரண்டில் ஒன்று; 7 வந்தால் பெரும்பாலும் டேப். பிரித்தறியும் வரிசை இது:

1. முதலில் சுத்தம் செய்து பாருங்கள்.
2. நல்லதென்று தெரிந்த, ஆனால் முக்கியத் தரவு இல்லாத வேறு டேப்பைப் போடுங்கள். அதிலும் பிழை வந்தால் டிரைவ் அல்லது கேபிள்.
3. அது ஓடினால், முதல் டேப்தான் சந்தேகத்துக்குரியது. தரவை எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டு அதை ஒதுக்குங்கள்.

பதற்றத்தில் பலரும் செய்வது, பிழை காட்டிய டேப்பை நண்பரின் ஸ்டூடியோவில் உள்ள டிரைவில் போட்டுப் பார்ப்பது. ஓரம் மடங்கிய அல்லது துகள் உதிரும் டேப் அந்த டிரைவின் ஹெட்டையும் கெடுக்கும். கெட்ட ஹெட் அடுத்து வரும் நல்ல டேப்புகளைக் கீறும். ஒரே டேப்பிலிருந்து கேடு இப்படித்தான் வரிசையாகப் பரவுகிறது. ஒரே நகல்தான் உண்டு, அதில்தான் பிழை என்றால், மேலும் முயலாமல் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி.

பிழை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. டேப் அலர்ட் என்ற எச்சரிக்கை வரிசையில், டேப்பின் ஆயுள் முடிகிறது, சுத்தம் தேவை என்பவை தனித்தனிக் கொடிகளாக வரும். பேக்கப் மென்பொருளின் அறிக்கையில் அவை கிடக்கின்றன. வாரம் ஒரு முறை ஒருவர் படிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதேனும் ஒரு டேப்பிலிருந்து கோப்பை உண்மையாகவே மீட்டு, எழுதியபோது கணக்கிட்ட செக்சம்மோடு, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணோடு, ஒப்பிட வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தலைமுறைக் கணக்கு

முதல் கேள்விக்கு இப்போது வரலாம். ஏழாம் தலைமுறை வரை ஒரு நல்ல மரபு இருந்தது: டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளைப் படிக்கும். எட்டாம் தலைமுறையில் ஹெட்டின் தொழில்நுட்பம் மாறியதும் அது ஒன்றாகக் குறைந்தது. இன்றைய நிலை:

1. ஏழு: 5, 6, 7 ஆகியவற்றைப் படிக்கும்.
2. எட்டு: 7, 8.
3. ஒன்பது: 8, 9.
4. பத்து: 10 மட்டும்.

ஐந்தாம் அல்லது ஆறாம் தலைமுறை டேப்புகள் உங்களிடம் இருந்தால் அவற்றைப் படிக்கும் மிக அண்மைய டிரைவ் 2015-இல் வந்த ஏழாம் தலைமுறை. அதன் பின் வந்த எதுவும் அவற்றைத் தொடாது. டேப் நன்றாகவே இருக்கும். டிரைவுதான் சந்தையில் அரிதாகிக்கொண்டே போகும். பழைய டிரைவைக் கடையில் வாங்கினால், எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை முறை சுத்தம் செய்யப்பட்டது என்ற பதிவை அதிலிருந்தே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பழைய டேப்பிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும் இடம்பெயர்ப்பு அச்சப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. ஓர் அலுவலகத்தில் ஐந்தாம் தலைமுறை டேப்புகள் 40 இருப்பதாகக் கொள்வோம். தலா 1.5 டெராபைட், மொத்தம் 60. நொடிக்கு 140 மெகாபைட் வீதம் ஒரு டேப்பைப் படிக்க மூன்று மணி நேரம். நாற்பதுக்கும் 120 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் மூன்று வேலை வாரங்கள். ஒன்பதாம் தலைமுறையில் அவை நான்கு கார்ட்ரிட்ஜில் அடங்கும். இரண்டு நகலுக்கு எட்டு.

தொடங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். நான்காம் தலைமுறை முதல் டிரைவே டேப்பைக் குறியாக்கம் செய்யும். அப்படி எழுதப்பட்ட டேப்புகள் இருந்தால் அவற்றின் சாவி எங்கே, யாரிடம், எந்த மென்பொருளில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சாவியை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தால் இன்றே அவரை அழைத்துக் கேளுங்கள். சாவி இல்லாத டேப்பை எந்த டிரைவாலும் திறக்க முடியாது. பிறகு மிகப் பழைய டேப்பிலிருந்து, அதாவது உலோகத் துகள் பூசிய தலைமுறையிலிருந்து, வேலையைத் தொடங்குங்கள். புதிய நகல் இரண்டும் செக்சம் ஒப்பிட்டு உறுதியாகும்வரை பழைய டேப்பையும் அந்தப் பழைய டிரைவையும் விற்க வேண்டாம்.